ஆறு மணித் துடிப்பு

முதல் போன் பொள்ளாச்சியிலிருந்து வந்தது.

"ஏனுங் மேடம், இந்த நெஞ்சுல வெச்ச மிசினு சாயங்காலமானா ஒரு மாதிரி பண்ணுதுங்."

"ஒரு மாதிரின்னா எப்படிங்க? வலிக்குதா, மயக்கம் வருதா?"

"அதெல்லாம் இல்லீங். யாரோ வந்து பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி படபடன்னு அடிச்சுக்குது. நல்லாத்தான் இருக்குது. ஆனா எனக்கு அப்படி யாரும் இல்லீங்களே. அதான் ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்னு."

பேசியவர் நாச்சிமுத்து. அறுபத்தாறு வயது, தென்னந்தோப்பில் தனியாக இருக்கிறார். "டாக்டரைப் பாருங்க" என்று வழக்கமான பதிலைச் சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாரம் முடிவதற்குள் அதே புகாரோடு இன்னும் எட்டுப் பேர் கூப்பிட்டார்கள். காரைக்குடி, ஆம்பூர், சீர்காழி. ஒருவருக்கொருவர் முகம் பார்த்திராதவர்கள். எல்லோரும் சொன்ன நேரம் மட்டும் ஒன்று. மாலை ஆறு மணி.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். 'நாடித்துணை' என்ற பெயரில் இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி செய்த கம்பெனியில், கிண்டியில் ஒரு சின்ன அறையில், பழைய வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்பவள் நான். அந்தப் பிரிவை மூடி மூன்று வருடம் ஆகிறது. இந்தக் கருவிக்குப் பாதுகாப்பு அப்டேட் சீக்கிரம் நின்றுவிடும், பதினெட்டு மாதத்துக்குள் புதியதாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று நாலாயிரம் பேருக்குக் கடிதம் போனது. கடிதத்தை எழுதியதே நான்தான். பெரும்பாலோர் மாற்றிக்கொண்டார்கள். இறந்தவர்களைக் கழித்தால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மாற்றவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிற அதே ஜனங்கள், நெஞ்சுக்குள் இருப்பதை மட்டும் 'நல்லாத்தானே ஓடுது' என்று விட்டுவிட்டார்கள்.

அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒருவர் தர்மலிங்கம், என் கணவர். ஆடி போகட்டும் என்றோம். பிறகு நாத்தனார் மகன் கல்யாணம். பிறகு தீபாவளி. கடைசிப் பாதுகாப்பு அப்டேட் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வந்தது. எந்தப் புண்ணியவான் நேரம் குறித்தானோ, பன்னிரண்டு மணியோடு கம்பெனியின் தலைமைக் கணினியையும் நிரந்தரமாக மூடுவதாக ஏற்பாடு. இவர் அலுவலகத்திலிருந்து போன் செய்து, "போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

"இப்ப ராகு காலங்க. 'அப்புறம்'னு அழுத்திடுங்க, பன்னிரண்டுக்கு மேல போட்டுக்கலாம்" என்று சொன்னவள் நான். விவரம் தெரிந்தவள், அதே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவள். பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடத்தில் இவர் பொத்தானை அழுத்தினார். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அது நடந்து தொண்ணூற்றைந்து நாள் ஆகியிருந்தது.

ஒன்பதாவது போன் வந்த அன்று நான் சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். இவர் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு டம்ளரைக் கீழே வைத்தார். கை தானாக நெஞ்சுக்குப் போனது. பெயர் சொல்லி யாரோ கூப்பிட்டதைக் கேட்டவர் போல முகம் கனிந்துவிட்டது. நான் எழுந்து போய் அவர் மார்பில் காதை வைத்தேன். உள்ளே குதித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?"

"அஞ்சு நாளா இருக்கும்" என்றார். பார்வை எங்கேயோ இருந்தது. "பயப்படாதே ரஞ்சிதம். நல்லாத்தான் இருக்கு."

இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் என் குரலுக்கு அந்த நெஞ்சு இப்படித் துள்ளி நான் கேட்டதில்லை. முதலில் பயந்தேன். பயத்துக்குப் பின்னாலேயே பொறாமையும் வந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் அறையில் இருக்கும் இன்னொரு ஆள் ஜெபசிங். கம்பெனியில் மிச்சமிருக்கும் ஒரே இன்ஜினியர். இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் தேடிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, இவங்க எல்லாரோட கருவியும் ஒரு கருவியைப் பாத்து அடிக்குது. அது வேகமா அடிச்சா இதுங்களும் வேகமா, அது அடங்கினா இதுங்களும் அடங்கும்."

"யாராவது உள்ளே பூந்துட்டாங்களா?"

"யாரும் பூரல. நம்ம ஆளுங்க எழுதினதுதான். தலைமைக் கணினி தொண்ணூறு நாள் பதில் சொல்லலேன்னா, கருவிங்க தங்களுக்குள்ளேயே தேடும். கடைசி அப்டேட் யாருகிட்ட இருக்கோ, அவங்கதான் பத்திரமானவங்கன்னு எடுத்துக்கிட்டு அவங்க பின்னாடி போகும். நெட்வொர்க் இல்லாத மலை ஊருக்காக வெச்சது."

"கடைசி அப்டேட் யாருமே போடலையே. எல்லாரும் அப்புறம்னு அழுத்தினாங்க."

"ஒருத்தர் அழுத்தல." அவன் திரையைத் திருப்பினான். "சங்கரபாண்டியன், சங்கரன்கோவில். யாரும் அப்புறம்னு சொல்லலேன்னா கருவியோட நாம வீட்டுக்குக் குடுத்த பெட்டி தானே போட்டுக்கும். அவர் சொல்லல."

"ஏன்?"

"அவரு செத்து அப்பவே நாலு மாசம் ஆச்சுக்கா."

மின்மயானத்தில் வைத்தால் வெடிக்கும் என்பதால் இந்தக் கருவியை எரிப்பதற்கு முன் ஆஸ்பத்திரியில் எடுத்துவிடுவார்கள். எடுத்ததை எங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. யார் அனுப்புகிறார்கள்? வீட்டில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் சார்ஜ் போட்டு வைத்தவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

"அதை நிறுத்திட்டா?" என்று கேட்டேன்.

"நிறுத்தவே கூடாது. பின்னாடி போறதுக்குப் பத்திரமான ஆள் ஆறு மணி நேரம் கிடைக்கலேன்னா, இதுங்க திருட்டுக் கையில மாட்டக்கூடாதுன்னு தானா பூட்டிக்கும். பூட்டிக்கிட்டா துடிப்பு குடுக்காது." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒவ்வொருத்தரா மாத்தித்தான் ஆகணும். அதுவரைக்கும் அது ஓடிக்கிட்டே இருக்கணும். இந்தப் பழசை எடுத்து மாத்தத் தெரிஞ்ச டாக்டர் ரெண்டே பேரு. ரெண்டு பேரும் சேர்ந்து நாளுக்கு ஒண்ணுன்னு வெச்சாலும், லீவு நாளோட எட்டு மாசம்."

அன்றே இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட ஆரம்பித்தேன். உயிர் போகிற விஷயம், உடனே தேதி வாங்குங்கள் என்றேன். நாச்சிமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாத்திப்போட்டா அது வராதுங்களே?" என்றார்.

"எது?"

"சாயங்காலம் வர்றது."

"வராதுங்க. அது உங்களுக்கு வர்றதே இல்லை. வேற ஒரு வீட்டுல..."

"அப்ப வேண்டாமுங். இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

இப்படியே நூற்றுத் தொண்ணூறு பேர். சிலர் கோபப்பட்டார்கள். சீர்காழியில் ஒரு டீச்சர், "நீங்க ஏன் எங்க வீட்டு விஷயத்துல தலையிடறீங்க?" என்றே கேட்டார். என் வீட்டிலும் அதே கதைதான். முதல் வாரத்திலேயே இவருக்குத் தேதி வாங்கி வைத்தேன். ஊழியரின் கணவர் என்று சலுகை. அன்று காலை பையை எடுத்துக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன், இவர் சட்டை கூட மாற்றவில்லை.

"அடுத்த மாசம் பாக்கலாம்."

"செத்துப் போனவரோட கருவிங்க அது! அங்க ஒரு பிளக்கைப் பிடுங்கினா நீங்க அன்னிக்கே போயிடுவீங்க. புரியுதா?"

"புரியுது. ஆனா ஆறு மணிக்கு..." சொல்ல வந்ததை விழுங்கினார். "உனக்குச் சொன்னா புரியாது."

அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சங்கரன்கோவில் போகச் செங்கோட்டை ரயிலைப் பிடித்தேன்.

சங்கரபாண்டியனின் மனைவி பெயர் கோமதி. ஐம்பத்து நாலு வயது. வீட்டு முன்பக்கத்தில் ஆறு தையல் மிஷினும், பொத்தான் துளை போடும் ஒரு காஜா மிஷினும் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து கதவைத் திறந்தாள்.

"கம்பெனிலயிருந்தா? வாங்க, வாங்க. அதைத் திருப்பிக் கேட்டு வந்தியளா? நான் தர மாட்டேன்."

"கேக்க வரலைக்கா. பாக்கத்தான் வந்தேன்."

உள்ளே சாமி அலமாரியில், கணவர் படத்துக்குக் கீழே, சார்ஜ் பலகையின் மேல் அது இருந்தது. தீப்பெட்டி அளவு. சந்தனம் வைத்து, மேலே ஒரு குங்குமப் பொட்டு. ஓரத்தில் பச்சை விளக்கு சீராக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எங்கள் கம்பெனிப் பெட்டி, ஒரு மல்லிகைச் சரத்தோடு.

"மஞ்சக் காமாலையில போயிட்டாவ. நெஞ்சு கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "ஆஸ்பத்திரியில இதைக் கவர்ல போட்டுக் குடுத்தாக. விளக்கு எரிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. எரியுததை எப்படி அணைக்க? திவசத்தோட கடல்ல விட்டுருன்னு பையன் சொல்லுதான். நான் முடியாதுன்னுட்டேன்."

மணி ஆறானது. நான் என் போனில் இவரைக் கூப்பிட்டு, படம் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டேன். கோமதி கை கால் கழுவி வந்து, விளக்கேற்றி, கருவியை எடுத்து முந்தானையால் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"ஏங்க, இன்னைக்குக் காஜா மிசின் மறுபடி மக்கர் பண்ணிட்டு. அந்த மெக்கானிக்கு வாரேன் வாரேன்னு ஏமாத்துதான். நீங்க இருந்தா ஒரு அதட்டு போதும். மத்தியானம் சுண்டைக்காய் வத்தக்கொழம்பு வச்சேன். ஒத்தையா உக்காந்து திங்கணுமேன்னு இருந்துச்சு..."

அவள் கையில் பச்சை விளக்கு படபடவென்று நடுங்கியது. என் மடியில், அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், இவர் கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அழைப்பைத் துண்டித்தேன்.

"பாத்தியளா?" கோமதி விளக்கைக் காட்டினாள். கண்ணில் நீர். "கொஞ்ச நாளா நான் பேசினா இப்படித்தான் துடிக்கும். நிறுத்தினா அடங்கிரும். யாருகிட்டயும் சொன்னதில்ல, பைத்தியம்னுருவாக. அவுக உள்ள இருக்காக. கேக்காக."

ரயில் ஏறும் முன்பே ஜெபசிங் எனக்கு அந்த விளக்கைப் பற்றிச் சொல்லியிருந்தான். கருவிக்குள் அசைவை உணரும் ஒரு துண்டு இருக்கிறது. கையில் எடுத்துப் பேசினால் குரலின் அதிர்வை அது நடமாட்டம் என்று நினைத்துத் துடிப்பைக் கூட்டும். பின்னால் வருகிற இருநூற்றுப் பன்னிரண்டும் கூடும். அந்த நெஞ்சுகள் துள்ளுவது திரும்பி இங்கே வந்து சேரும். விளக்கு நடுங்குவது, வந்து சேரும் அந்தப் பதில்களுக்காக மட்டும்தான்.

அவளிடம் பாதியைச் சொன்னேன். அவள் பேசுவது இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நெஞ்சில் போய் அடிக்கிறது என்றேன். அவள் பதறிப்போய்க் கருவியைப் பலகையில் வைத்தாள்.

"அய்யய்யோ! அடுத்த வீட்டு ஆம்பளையோட நெஞ்சுலயா? நான் என்னெல்லாம் பேசியிருக்கேன்! அவங்களுக்கு ஏதும் ஆயிருச்சா?"

"இல்லைக்கா. அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. அதுதான் கஷ்டம். மாத்திக்க வர மாட்டேங்கறாங்க. மாத்தலேன்னா எந்த நிமிஷமும் எதுவும் நடக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். "அதுல உங்க ஆளும் உண்டோ?"

மறைக்க முடியவில்லை. தலையாட்டினேன்.

"என்ன செய்யணும், சொல்லுங்க."

"சார்ஜ் மட்டும் போகாம பாத்துக்கணும். தொடக் கூடாது. பக்கத்துல நின்னு பேசக் கூடாது. நீங்க பேசறது நின்னா அவங்களாவே வந்து மாத்திக்குவாங்க. எட்டு மாசம்."

"எட்டு மாசமா?" அவள் குரல் உடைந்தது. "அவுக ஒத்தையா கெடப்பாகளே. அதுக்குள்ள திவசம் வேற வருது."

"எட்டு மாசம் கழிச்சு அவர் உங்களுக்குத்தான்க்கா. எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. யாரும் குறுக்க வர மாட்டாங்க."

இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசவில்லை. என் புருஷன் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கருவியைப் பலகையோடு நகர்த்தாமல், அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

மறுநாள் மாலை இவர் ஆறு மணிக்குக் காபியோடு உட்கார்ந்தார். ஆறு ஐந்து. ஆறு பத்து. டம்ளரில் காபி ஆறி ஏடு படிந்தது. எழுந்து போய் பால்கனியில் நின்றார். இரண்டு வாரம் தினமும் அப்படியே காத்திருந்தார். பதினாறாம் நாள் தானாக, "அந்தத் தேதி இன்னும் கிடைக்குமா?" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புதுக் கருவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது, யாரையும் எதையும் கேட்பதில்லை. இவர் மூன்று மாடி ஏறுகிறார், மூச்சு வாங்குவதில்லை. ஆறு மணிக்கு டி.வி. பார்க்கிறார். அந்த நாட்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. சில சமயம் அவர் மார்பில் காதை வைத்துக் கேட்பேன். கடிகாரம் மாதிரி ஓடுகிறது. எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

மற்றவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவரும் போனில் கேட்டது ஒரே கேள்விதான். "இப்ப ஏன் வர்றதில்லை?" தேதி மட்டும் கொடுத்தேன்.

கோமதி ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். "இன்னும் எத்தனை பேரு?" நூற்று முப்பது என்பேன். எண்பத்தாறு என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் போனபோது தெரு முனையிலிருந்து ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து அவளே இழுத்து வந்திருக்கிறாள். திவசத்தன்று அலமாரியைத் திறந்து, குனிந்து கும்பிட்டு, பொட்டு கூட வைக்காமல் மூடிவிட்டாளாம். "வாயைத் தொறந்தா அழுதிருவேன். அந்த அழுகை யாரு நெஞ்சுல போய் விழுமோ" என்றாள்.

கடைசி ஆள் நாச்சிமுத்து. அவரையும் சம்மதிக்க வைத்து, புதுக் கருவி வைத்துக் கண் விழித்தார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்த அன்றே கோமதியைக் கூப்பிட்டேன். மாலை ஐந்தே முக்கால். இவர் பக்கத்தில் இருந்தார்.

"முடிஞ்சுது அக்கா. இனி யாரும் இல்லை. நீங்க பேசலாம்."

"இருங்க, மூஞ்சி கழுவிட்டு வாரேன். நல்ல சேலை ஒண்ணு உடுத்திக்கிடுதேன். போனை வைக்காதிய, நீங்களும் கூட இருங்க" என்றாள். கல்யாணத்துக்குப் புறப்படுகிறவள் போல இருந்தது குரல். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தீக்குச்சி உரசும் சத்தம்.

"ஏங்க, நான்தான். கோவிச்சுக்கிடாதிய. எட்டு மாசம் வாயைக் கட்டிப் போட்டுட்டேன். சொல்லுததுக்கு அம்புட்டு இருக்கு. காஜா மிசினைத் தள்ளிட்டுப் புதுசு வாங்கியாச்சு. பையனுக்குப் பொண்ணு பாத்திருக்கு, கடையநல்லூருப் பக்கம். உங்க அத்தை முறையில ஒரு..."

பேச்சு மெதுவானது.

"ஏங்க."

நின்றது. மறுபடி, கொஞ்சம் சத்தமாக, "ஏங்க, கேக்குதா?"

நான் போனை இறுகப் பிடித்திருந்தேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். அவருடைய கை, தெரியாமல்தான், நெஞ்சுக்குப் போயிருந்தது.

"ரஞ்சிதம்..." கோமதி இப்போது என்னிடம் பேசினாள். முதல் முறையாகப் பெயர் சொல்லி. "விளக்கு அப்படியே நிக்கி. ஒரு சின்ன அசைவு கூட இல்ல. ரிப்பேராயிருச்சா?"

"ரிப்பேர் இல்லைக்கா."

"பெறகு ஏன்? கோவமா இருப்பாகளோ?"

உண்மை என் வாயில்தான் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டியது. உள்ளே யாரும் இருந்ததில்லை அக்கா, உங்களுக்குப் பதில் சொன்னது நாங்கள்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமாக்கா" என்றேன். "எட்டு மாசம் பேசலை இல்லையா. கோவமாத்தான் இருப்பார்."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது.

"அதானே பாத்தேன். சரி, நாளைக்கும் பேசிப் பாக்கேன். அவுக கோவம் ரொம்ப நாளு நிக்காது."